நாலாம் கண்ணுக்குக் கீழே ஒரு பொந்து

பழைய அணைக்கட்டின் சுவர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டால் வயிறு நடுங்கும். பயத்தினால் அல்ல, ஷட்டர் இடுக்குகளின் வழியாகத் தண்ணீர் பீறிட்டு விழுகிற அதிர்வு கருங்கல்லுக்குள் ஏறி, கல்லின் வெயில் சூட்டோடு சேர்ந்து, சட்டையைத் தாண்டி வயிற்றுக்குள் மெல்லிய 'கிர்ர்' ஒன்றாக இறங்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் பெரும்பாலும் அங்கேதான் கிடந்தேன். தலையை ஒரு பக்கம் தொங்கவிட்டால் நல்ல தண்ணீரின் பாசி வாசனை வரும், மறுபக்கம் திருப்பிப் போட்டால் உப்புச் சேற்றின் வாசனை வரும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது இரண்டு முழ அகலச் சுவர் ஒன்றுதான்.

அணை என்றதும் பாடப்புத்தகத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே நிற்கிற பெரிய அணைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது, ஆறு பழவேற்காடு ஏரியில் போய் விழுவதற்குச் சற்று முன்னால் குறுக்கே கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு சின்னக் கட்டு. கீழே நிற்கிற ஆள் கொஞ்சம் எக்கினால் மேலே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் உயரம். வெள்ளைக்காரன் கட்டியது என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்டால் "போயி வேலயப் பாரு" என்பார்கள். அதில் ஏழு திறப்புகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு 'கண்ணு'. ஒவ்வொரு கண்ணையும் மூட ஒரு இரும்பு ஷட்டர், அதைத் தூக்க மேலே ஒரு திருகு, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் மறைந்து நிற்கக்கூடிய கல்தூண். விழுகிற தண்ணீர் மண்ணைத் தோண்டிவிடாமல் இருக்கக் கீழே கல் பாவிய 'தளம்' இருந்தது, அந்தத் தளத்தின் ஓரம் கலைந்துவிடாமல் இருக்க அதை ஒட்டிப் பெரிய பெரிய கற்களை அடுக்கியிருந்தார்கள். சுவர்மேல் நடக்கிறவர்கள் விழாமல் இருக்க ஏரிப் பக்கம் மட்டும் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடியது. ஆற்றுப் பக்கம் விழுந்தால் பரவாயில்லை என்று அந்த வெள்ளைக்காரன் நினைத்தானோ என்னவோ.

ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்கள் நெல் வைக்கிறவர்கள். ஏரி பெருகும்போது ஏறிவருகிற உப்புத் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடுவதால்தான் அவர்கள் வயல் வயலாக இருந்தது. சுவருக்கு ஏதாவது ஆனால் அவர்களுடைய மண் வெளுத்துப்போய்ப் புல்கூட முளைக்காது. கீழ்ப்பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அந்தச் சுவரடி எறா, அதாவது இறால், கூடுகிற இடம். நல்ல தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உப்போடு கலக்கிற இடத்தில் எறாவுக்கு என்ன சுகமோ, தளத்தைச் சுற்றி மொய்த்துக் கிடக்கும். ஆக, ஒரே சுவர் அந்தப் பக்கம் சோறும் இந்தப் பக்கம் குழம்புமாக எங்கள் எல்லோரையும் வளர்த்தது.

நாங்கள் கையால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து நகர்ந்துகொண்டே இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் பட்டதை அது துள்ளுவதற்குள் பொத்திப் பிடித்து, வாயில் கவ்விய 'பறி'க்குள் போட வேண்டும். பறி என்பது வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த ஓலைக் கூடை. இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் அதைப் பல்லில்தான் பிடித்தாக வேண்டும். இதனால் எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோரும் பகல் பொழுதில் பாதியை 'ம்ம்', 'ம்ஹும்', 'ம்ம்ம்?' என்று மூக்காலேயே பேசிக் கழித்தார்கள். பிள்ளைகளுக்கு அது முழுக்கப் புரியும். திட்டுகூட அப்படித்தான் வரும், அதற்கு ஒரு தனி ராகம் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தாடை பலம் அதிகம் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. பின்னால் ஒரு நாள் அதை நானும் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அம்மாவின் பெயர் தேசம்மா. தண்ணீருக்குள் அவள் கை போகிற விதமே வேறு. மற்றவர்கள் தேடுவார்கள், இவள் விசாரிப்பாள். மெதுவாக, அவசரமில்லாமல், உள்ளே யார் இருக்கிறீர்கள் என்று கேட்பதுபோல விரல்கள் நுழையும். அப்பாவை நைனா என்போம். அவர் படகுக்காரர்களோடு நண்டுக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் திரும்புவார். வீட்டில் அடுப்பெரிவது பெரும்பாலும் அம்மாவின் பறியை நம்பித்தான் இருந்தது.

இந்த அணைக்கட்டுக்கு ஓர் ஆள் உண்டு, முனிரத்தினம். ஷட்டரைத் தூக்கி இறக்குகிற அரசாங்க வேலைக்கு 'லஸ்கர்' என்று பெயர், எங்களுக்கு அவர் லஸ்கரு மாமா. காக்கி அரைக்கால் சட்டையும், ஷட்டர் திருகுகிற கைப்பிடியைத் தோளில் சாத்திய நடையும், எந்நேரமும் யார்மீதோ கோபமாக இருக்கிற முகமும் கொண்ட மனிதர். நெல்லுக்காரர்கள் "தண்ணிய வுடாத" என்று வந்து நிற்பார்கள், எங்கள் பெண்கள் "கொஞ்சூண்டு வுடேன், எறா வரட்டும்" என்று வந்து நிற்பார்கள். இரு தரப்பையும் திட்டிவிட்டு, இரு தரப்பும் கொண்டுவந்த அரிசியையும் எறாவையும் வாங்கிக்கொள்வார். ஷட்டரைத் திறக்கும்போது அதன் அடியில் புரள்கிற தண்ணீர் ஓர் ஆளை உள்ளேயே போட்டு உருட்டும், வெளியே துப்பாது என்பதை அவர் சொன்ன அளவுக்கு எங்கள் வாத்தியார் வாய்ப்பாடு சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கீழே தளத்தில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணும் தன் துண்டைச் சுவர்மேல் உள்ள கம்பியில் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறியதும் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். திறப்பதற்கு முன் தூணில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் 'டங் டங்' என்று அடிப்பார், பெண்கள் ஏறுவார்கள், துண்டுகள் ஒவ்வொன்றாக மறையும். கம்பி காலியானால்தான் கைப்பிடியைத் திருகில் மாட்டுவார். பூப்போட்டது, கட்டம்போட்டது, நைந்துபோனது என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள் ஏரிக் காற்றில் படபடக்கும்போது அந்தக் கிழட்டுச் சுவர் கல்யாண வீடுபோல இருக்கும்.

அவருடைய இன்னொரு கிறுக்கு, சோடா பாட்டில். தினம் காலையில் சுவரோரத்தில் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் ஒரு காலி சோடா பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று அதேபோல வெறுங்கையைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்போம். ஒருமுறை நெல்லுக்காரர் ஒருவர், சுவர் ஒழுகுகிறதே, இடிந்துவிடாதா என்று கேட்டதற்கு, "ஒழுவுனா ஒழுவட்டும். தெளிவா ஒழுவுற வரிக்கும் பயமில்ல. என்னிக்கு கலங்கலா வருதோ, அன்னிக்கு உள்ள இருக்கிற மண்ண இட்டுக்கினு வருதுனு அர்த்தம். அப்பறம் செவுரு நிக்காது" என்று அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதையும் அவர் குரலிலேயே பேசிக்காட்டி நான் பிள்ளைகளிடம் கைத்தட்டல் வாங்கினேன். அர்த்தத்தை யார் கவனித்தது?

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், அம்மாவுக்கு ஒரு பொந்து கிடைத்தது.

நாலாம் கண்ணுக்குக் கீழே, தூணின் மறைவில், தளம் முடிகிற இடத்தில் இருந்தது. சுவர்மேல் குப்புறக் கிடந்த நான் தற்செயலாகத் தலையைத் தொங்கவிட்டபோது தூணடியில் அம்மாவின் இரண்டு பாதங்களும் புடவை நுனியும் தெரிந்தன. மற்ற உடம்பைக் காணோம். "அம்மா?" என்றதும் அவள் சடாரென்று எழுந்தாள், வாயில் பறி, கன்னமெல்லாம் தண்ணீர். பறியை எட்டிப் பார்த்தேன். விரல் நீளத்தில் வெள்ளை எறா, கழுத்துவரைக்கும். அவ்வளவு பெரிய எறாக்களை அத்தனை மொத்தமாக அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் சொன்னாள்: "உள்ள சில்லுனு கீதுடி. உப்பே இல்ல. எறாங்க வூடு கட்டிக்கினு கீதுங்க." பிறகு என் கையை இழுத்துத் தன் ஈரத்தலைமேல் வைத்துக்கொண்டாள். "யாராண்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. சொன்னா நான் செத்துப்பூடுவேன்."

செய்தேன். பதினோரு வயதில் அம்மாவின் தலையில் கை வைத்துச் சொல்கிற சத்தியம் எவ்வளவு கனமானது என்பதை இப்போது எழுதிக் காட்ட முடியாது. கை எடுத்த பிறகும் உள்ளங்கையில் அவள் தலைமயிரின் ஈரம் இருந்தது, அதைப் பாவாடையில் துடைக்கக்கூடப் பயந்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மூன்று மாதம் திருவிழாதான். அம்மா மற்றவர்களுக்கு முன்பே போய், பொந்தில் கைவிட்டு, அவர்கள் வரும்போது பொதுவான இடத்துக்கு நகர்ந்துவிடுவாள். பொந்தில் இருக்கும்போது துண்டை மட்டும் கம்பியில் கட்டுவதில்லை. துண்டு இருந்து ஆள் தெரியாவிட்டால் எங்கே என்று தேடுவார்கள், தேடினால் பொந்து போச்சு. அதனால் அதைத் தலையிலேயே சுற்றிக்கொண்டாள். முதலில் முழங்கைவரை போன கை, பிறகு தோள்வரை போக ஆரம்பித்தது. வாசல் குறுகலாக இருக்கிறதென்று ஓரத்தில் அடுக்கியிருந்த கற்களில் இரண்டைப் பெயர்த்துத் தள்ளினாள், பிறகு இன்னும் இரண்டை. கன்னம் தண்ணீரில் படிந்து ஒரு காது மூழ்குகிறவரை உள்ளே துழாவினாள். வரவர, மற்றவர்கள் வந்த பிறகும் தூண் மறைவிலேயே இருந்துவிட ஆரம்பித்தாள். ஒருநாள் என்னையும் கைவிடச் சொன்னாள். ஆசையோடு விட்டேன். எறாவின் மீசை உரசியது, அதோடு விரல்களுக்கு நடுவே எதுவோ நறநறவென்று ஓடிக்கொண்டே இருந்தது. "மண்ணு ஓடுதும்மா" என்றேன். "ஆத்துல மண்ணு ஓடாம பொன்னா ஓடும்?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கையால் தடவிப் பிழைக்கிற எங்களுக்குப் பொந்து என்றால் அது எறாவின் வீடு, நண்டின் வீடு, அவ்வளவுதான். சுவருக்குக் காயம் வரும், அது வழியாகச் சுவர் செத்துப்போகும் என்று நினைக்க எங்கள் கைகளுக்குப் பழக்கமில்லை. லஸ்கருக்கும் அந்த இடம் மேலேயிருந்து தெரியாது. அவருடைய சோடா பாட்டில் கரையோரத்தில் மட்டும்தான் போய்வந்தது.

ஐப்பசி மழை பிடித்து, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட ஒரு காலை. எங்கள் ஊரில் மழை விட்டிருந்தது, ஆனால் மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. சுமார் பத்து மணிக்கு மேலேயுள்ள அணையிலிருந்து சைக்கிளில் ஓர் ஆள் வந்து, அங்கே திறந்துவிட்டார்கள், மத்தியானத்துக்குள் வெள்ளம் இங்கே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளம் வந்து மோதுவதற்கு முன்பே இருக்கிற தண்ணீரை இறக்கிவிட வேண்டும். முனிரத்தினம் தண்டவாளத்தை அடித்தார். பெண்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். துண்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கன்னியம்மா அத்தையின் பச்சைத் துண்டு கடைசியாகப் போனது. கம்பி காலி.

அம்மாவைக் காணோம்.

ஏறிவந்தவர்களில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகுதான் அந்த மூழ்கிய காது ஞாபகம் வந்தது. ஒரு காது தண்ணீருக்குள், மறு காதைச் சுற்றித் துண்டு; அவளுக்குத் தண்டவாளச் சத்தம் கேட்டிருக்காது. ஆற்றின் நடுவில் தண்ணீர் போனால்தான் கரை அறுக்காது என்று முனிரத்தினம் எப்போதும் முதலில் திறப்பது நடுவிலுள்ள நாலாம் கண்ணைத்தான். கைப்பிடியை மாட்டிவிட்டார்.

சொன்னால் அம்மா செத்துப்போவாள். சொல்லாவிட்டாலும் செத்துப்போவாள். இன்றைக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு எனக்கு இரண்டுமே உண்மை. சொல்லாமலே நிறுத்த வழி இருக்கிறதா என்று பார்த்தேன். ஓடிப்போய்க் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு வயிறு வலிக்கிறது என்று அழுதேன். "வலிச்சா வூட்டுக்குப் போ, இங்க இன்னா?" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஷட்டர் முனகியது. அடியில் வெள்ளையாக ஒரு கோடு தண்ணீர் சீறியது. அடுத்த சுற்றுக்கு அவர் கை கீழே வந்தபோது அந்த மணிக்கட்டை என் முழுப் பலத்தோடும் கவ்வினேன்.

"அடிப்பாவி! இன்னாத்துக்குடி கடிக்கிற?"

"எங்கம்மா கீழ கீறா! நாலாங் கண்ணாண்ட பொந்துல கீறா! துண்டு கட்டல மாமா, துண்டு கட்டல!"

அந்த மனிதரின் முகம் போன போக்கை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ரத்தம் வழிகிற கையாலேயே திருகைத் திருப்பிச் சுற்றினார். கன்னியம்மா அத்தை படியைத் தேடவில்லை, சுவரிலிருந்து அப்படியே குதித்து, சீறுகிற தண்ணீருக்குள் குனிந்து, அகப்பட்ட காலைப் பிடித்து இழுத்தாள். அம்மா வெளியே வந்தாள். வாயில் பறி. ஒரு கையில் எறா. சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து "ம்ம்?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் கை வெளியே வந்த பொந்திலிருந்து பாலூற்றிய டீ நிறத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் இறங்கி வந்தார், பாட்டிலில் பிடித்தார், ஆனால் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்துவிட்டது. பெயர்த்துப் போட்ட கற்களையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். "ஏம்மா தேசம்மா, எறா கெடைக்குதுனு செவுத்தோட வயித்துலயே கைய வுட்டுக்கினு கீறியே" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஏதோ வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாததைக் கேட்டவர்போலச் சொன்னார். அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் கன்னியம்மா அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். நடு ஷட்டர்களை விட்டுவிட்டு ஓரத்திலுள்ள இரண்டை மட்டும் திறந்தார். நெல்லுக்கார ஊருக்கு ஆள் ஓடியது. அரைமணியில் டிராக்டரில் வைக்கோலும், மண் அடைத்த சாக்குகளும், ஜல்லியும், அவற்றின் மேல் உட்கார்ந்து ஆட்களும் வந்தார்கள். எல்லோரும் பொந்தை அடைக்கப் பாய்ந்தபோது முனிரத்தினம் கத்தினார்: "இந்த வாய அடைச்சா அது வேற வாயத் தேடிக்கும்! ஜல்லியும் கல்லும் போட்டு மண்ணு வராம அமுக்குங்க, போதும். ஆத்துப் பக்கம் தண்ணி எங்க உள்ள பூருது, அத்தக் கண்டுபுடிக்கணும்." ஆற்றுப் பக்கத் தண்ணீர் மார்பளவு, அதுவும் செம்மண் கலங்கல். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கையால்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு அந்த இடத்தில் ஆட்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு பெண்கள் புடவையை வரிந்து கட்டினார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனையைச் சுவர்மேல் நின்ற நெல்லுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் விடு, விடாதே என்று வருஷம் முழுக்க எங்களோடு சண்டை போடுகிறவர்கள், "பாத்தும்மா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் சுவரடியில் வரிசையாக மூழ்கினார்கள், எழுந்தார்கள், மூழ்கினார்கள். மேற்கே வானம் இன்னும் இருண்டது. தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நீங்களே யூகிக்கலாம். நாலாம் கண்ணுக்கு நேரே எழுந்து நின்ற அம்மா, வாயில் பறி இல்லாத தைரியத்தில், உரக்கச் சொன்னாள்: "இங்க கைய இழுக்குது."

அவள் கை காட்டிய இடத்தில் வைக்கோலைப் புரியாகச் சுற்றிக் களிமண்ணில் தோய்த்து இறக்கினார்கள், அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் கல். ஒவ்வொரு சாக்கையும் அம்மா மூழ்கித் தன் கையால் அணைத்து உட்காரவைத்துவிட்டு வந்தாள். கீழ்ப்பக்கத்தில் முனிரத்தினம் பாட்டிலோடு குந்தியிருந்தார். கலங்கலாக வந்தது மங்கலாயிற்று, மங்கல் மெல்லத் தெளிந்தது. அவர் பாட்டிலைத் தூக்கி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தபோது இந்தமுறை எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மத்தியானம் வெள்ளம் வந்தது. ஏழு கண்ணும் திறந்து ஆறு முழுசாகச் சுவரைத் தாண்டிப் போனது. சுவர் நின்றது.

அன்று நைனா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மாவைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பறியை எடுத்து அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்தார். அம்மா அழுதாள். செத்துப் பிழைத்ததற்கு அல்ல, பொந்து போனதற்குத்தான் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. "எம்மாம் எறா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என்னிடம் பேசவில்லை. எனக்கோ வேறு கவலை. நான் சத்தியத்தை மீறிவிட்டேன், ஆகவே அவள் சாகப்போகிறாள், எப்போது என்பதுதான் தெரியவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவள் தும்மினால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஐந்தாறு நாள் கழித்து, விரல் வைத்திருக்கும்போதே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இன்னாடி பண்ற?"

சொன்னேன். விக்கி விக்கிச் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள், வைத்ததை அவளே தூக்கினாள். "இந்தா, எடுத்துட்டேன். போதுமா?" என்றாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த அழுகை எறாவுக்கானது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு அழுததில்லை.

மறுநாள் அவள் மறுபடியும் எல்லோரோடும் இறங்கினாள். துண்டை முதல் ஆளாகக் கம்பியில் கட்டினாள். முனிரத்தினம் அதை நம்பவில்லை. துண்டோடு சேர்த்துப் பள்ளிக்கூட வாத்தியார்போலப் பெயரும் கூப்பிட ஆரம்பித்தார். "கன்னியம்மா! சின்னப்பொண்ணு! தேசம்மா!" என்று அவர் சுவர்மேல் நின்று கத்த, கீழேயிருந்து ஒவ்வொன்றாக 'ம்ம்', 'ம்ம்' என்று மூக்கொலி வரும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டி, "கடிச்சா இப்டித்தான் கடிக்கணும்" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் போகிறவரை ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் நாலாம் கண்ணுக்கு அருகே போய், குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டுத் தூணடியைப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை மாட்டினார்.

அந்தச் சுவர் இப்போது இல்லை. இடித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நல்ல அணை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பழசைவிட உயரம், பழசைவிட உறுதி. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஷட்டரைத் தூக்குகிறது, திறப்பதற்கு முன் சைரன் ஊதுகிறது. கம்பங்களில் கேமரா இருக்கிறது, சுற்றிலும் வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். சோடா பாட்டில் செய்த வேலையை இப்போது சுவருக்குள் பதித்த ஏதோ கருவி செய்கிறதாம். பறியைக் கவ்விக்கொண்டு இறங்குகிற பெண்கள் அந்தப் பக்கம் இல்லை; வேலிக்குள் யாரையும் விடுவதில்லை, விட்டாலும் போக ஆளில்லை. கன்னியம்மா அத்தையின் பேத்திகள் தினம் மீஞ்சூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்து போகிறார்கள். துண்டு கட்டுகிற கம்பியும், பெயர் கூப்பிடுகிற குரலும் பழைய கல்லோடு சேர்ந்து போய்விட்டன.

நானும் மீஞ்சூரில்தான் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாடி வீடு. நைனா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது, தாடை மட்டும் இன்னும் முறுக்கைப் பொடிபண்ணுகிறது. போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. சனிக்கிழமை காலை, போனில் எச்சரிக்கைச் செய்தி வந்தது. ஆற்றில் உபரி நீர் திறக்கப் போகிறார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கீழ யார்னா எறங்கிக்கினு இருந்தா?" என்றாள்.

"சைரன் ஊதுவாங்கம்மா. கேமரா வெச்சிருக்காங்க, வேலி போட்ருக்காங்க. இப்ப யாரும் அங்க எறங்குறதே இல்ல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் கம்பில துண்டு இல்லியேடி" என்றாள்.

நான் போனை எடுத்து, ஊரில் இருக்கிற என் சித்தி மகனைக் கூப்பிட்டு, அணைக்கட்டுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். இந்த மழையில் எதற்கு அக்கா என்று அவன் சிரித்தான். திறப்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, உடனே கிளம்பு என்றேன். கேமராவில் பார்ப்பார்களே என்றான்.

"அவங்க பாக்கட்டும். நீ நேர்ல போயி, குனிஞ்சி பாத்துட்டு சொல்லு."